பத்து வரிக்கு ஒரு சென்டிமீட்டர்

எங்கள் கல்லூரியில் தேர்தலுக்கு நிற்பவர்கள், பலகையில் தங்களைப் பற்றி வரும் வரிகளுக்கு ஏற்ப வளர்வார்கள். பத்து வரிக்கு ஒரு சென்டிமீட்டர். புகழ்ந்து எழுதினாலும் அதே கணக்குதான், திட்டி எழுதினாலும் அதே கணக்குதான். ஒரு வரியில் யாருடைய பெயர் வருகிறதோ அந்த வரி அவருக்குச் சேரும்.

பலகை என்பது எங்கள் சுவர்ப் பத்திரிகை. கேன்டீனுக்குப் போகும் வழியில் இருக்கிறது. தினமும் காலை எட்டே முக்காலுக்குள் ஒரு முழுத்தாளில் கையால் எழுதி ஒட்டிவிட வேண்டும். இந்த வருடம் அதற்கு நிருபர் நான். பெயர் பேராச்சி, வேதியியல் மூன்றாம் ஆண்டு. கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று தமிழ்த்துறை சண்பகவடிவு மேடம் என்னைத் தேர்ந்தெடுத்தார். அதைத் தவிர வேறு தகுதி எதையும் அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நிருபருக்கு விதி ஒன்றுதான். வாக்குப்பதிவு நாளன்று இரண்டு வேட்பாளர்களும் வளர்ந்திருக்கும் அளவில் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. இருந்தால் தேர்தல் ரத்து. தலைவரை அலுவலகமே நியமித்துவிடும்.

நான்கு வருடத்துக்கு முன்னால் அப்படித்தான் ஆயிற்று. அப்போதைய நிருபர் ஒரு வேட்பாளர் மேல் ஆசை வைத்து முந்நூறு வரிக் கவிதை எழுதித் தொலைத்தார். அந்த அக்கா முப்பது சென்டிமீட்டர் வளர்ந்து, இன்றைக்கு ஏணி இல்லாமல் தெருவிளக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார். நல்ல வேலை, குறை சொல்ல முடியாது. ஆனால் கல்லூரிக்குத் தேர்தல் போயிற்று. அலுவலகம் தன்னிடம் சும்மா கிடந்த ஓர் இரும்பு பீரோவைத் தலைவராக நியமித்தது. இந்த வருடம்தான் மறுபடியும் தேர்தல் வைக்க விட்டார்கள்; அதுவரை நான்கு வருடமாக அதுதான் பதவியில் இருந்தது. பீரோவால் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. எல்லாக் கூட்டத்துக்கும் நான்கு பேர் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

தலைவருக்கு உள்ள அதிகாரமும் ஒன்றுதான். கடைசி மணி எத்தனை மணிக்கு அடிக்க வேண்டும் என்று சொல்லலாம். பீரோ எதுவும் சொல்லாததால் மணி நான்குக்கே அடித்துக்கொண்டிருந்தது.

என் வயிற்றெரிச்சல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. எங்கள் ஊர் மேலப்பொத்தைக்குப் போகிற வண்டி மூன்று ஐம்பதுக்குக் கல்லூரி வாசலுக்கு வரும். அதை விட்டால் அடுத்தது ஏழே காலுக்கு. அதுவும் பாதி வழியில் திரும்பிவிடும். அந்தப் பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் அறுபத்து மூன்று பேர் மூன்றரைக்கே பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். செவ்வாயும் வியாழனும் மதியம் எனக்கு ஆய்வகம். பியூரெட் என்ற கண்ணாடிக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டு, குடுவையில் இருக்கும் கரைசல் இளஞ்சிவப்பாக மாறும்போது நிறுத்த வேண்டும். எங்கள் ஆய்வகத்தில் அந்த நிறம் மணி அடிப்பதற்குச் சரியாக ஐந்து நிமிடம் முன்னால்தான் வரும். இரண்டு வருடமாக நான் ஒரு கரைசலும் நிறம் மாறிப் பார்த்ததில்லை. பக்கத்து மேசைக்காரி மறுநாள் சொல்லுகிற எண்ணை எழுதிக்கொள்வேன்.

இந்த வருடம் ஆய்வக சார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "இனிமே பாதியில எந்திரிச்சுப் போனா ரெக்கார்டு நோட்டுல கையெழுத்துப் போட மாட்டேன்." கையெழுத்து இல்லாவிட்டால் பரீட்சை இல்லை. பரீட்சை இல்லாவிட்டால் நானும் அம்மாவோடு பீடி சுற்ற உட்கார வேண்டியதுதான்.

வேட்பாளர்கள் இரண்டு பேர். ஒருத்தி இசக்கியம்மாள், கணிதம் மூன்றாம் ஆண்டு. எங்கள் ஊரிலிருந்து அதே வண்டியில் வருகிறவள். ஆறாம் வகுப்பிலிருந்து எனக்குப் பக்கத்து இருக்கை. மணியை மூன்று நாற்பதுக்கு மாற்றுவேன் என்று நின்றாள். இன்னொருவன் ஆஸ்டின் பொன்சிங், வணிகவியல், டவுன்காரன், கைப்பந்து அணித் தலைவன். மணி நான்கிலேயே இருக்கட்டும், கலைவிழாவை மூன்று நாள் நடத்துவேன் என்றான். நல்ல பையன். கெட்டவனாக இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

இசக்கி ஜெயிக்க வேண்டும் என்று எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. சாப்பிடும்போதும் அதே நினைப்பு, தலைவாரும்போதும் அதே நினைப்பு. ஆனால் ஒரு வரி கூடப் போனால் தேர்தலே போய்விடும், மறுபடியும் பீரோ வந்து உட்கார்ந்துகொள்ளும். அவள் ஜெயிக்க வேண்டுமென்றால் நான் அவளுக்காக எதுவுமே செய்யக் கூடாது. இந்த நியாயத்தை ஜீரணிக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

தினமும் ஒன்பது மணிக்கு உடற்கல்வி ஞானதிரவியம் சார் அறையில் அளவெடுப்பு. செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும்.

"நேரா நில்லுல. எக்காத," என்பார் ஆஸ்டினிடம். "நீ ஏம்மா குனியுத? வளந்தத மறைச்சு என்ன செய்யப் போற?" என்பார் இசக்கியிடம். எண்ணை நோட்டில் எழுதிவிட்டு, மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்கு நான் ஒரு நாளும் தப்பியதில்லை.

ஆஸ்டினைப் பற்றி எழுதச் செய்திக்குப் பஞ்சமே கிடையாது. திங்கள்கிழமை பறையடித்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றினான். செவ்வாய்க்கிழமை நாற்பது நிமிடம் பேசினான். புதன்கிழமை எல்லோருக்கும் எலுமிச்சைச் சாறு. நான் வெட்டி வெட்டி ஏழு வரிக்குள் அடக்குவேன். இசக்கி ஒன்றுமே செய்ய மாட்டாள். ஒரு நோட்டை வைத்துக்கொண்டு மரத்தடி, படிக்கட்டு, சைக்கிள் ஸ்டாண்டு என்று போய், "நீங்க எந்த வண்டி? எத்தன மணிக்கு வீட்டுக்குப் போய்ச் சேருதீங்க?" என்று கேட்டு எழுதிக்கொள்வாள். இது முதல் நாள் செய்தி. இரண்டாம் நாளும் இதே செய்தி. ஏழு வரிக்கு நான் எங்கே போக?

அதனால் இருந்ததை எழுதினேன். "இசக்கியம்மாள் நூலகத்துக்குப் பக்கத்துக் குழாயில் தண்ணீர் குடித்தார். தண்ணீர் உப்பாக இருந்தது என்றார். இருந்தாலும் இசக்கியம்மாள் முழுவதும் குடித்தார்." இப்படியே நீட்டி ஏழு வரி. மறுநாள் எண்பது பேர் அந்தக் குழாயில் குடித்துப் பார்த்து, ஆமாம் உப்புதான் என்று போனார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் வண்டியில் இசக்கி என்னைப் பிடித்துக்கொண்டாள். நிருபர் வேட்பாளரோடு ஒரே இருக்கையில் உட்காரக் கூடாது என்று நானே வைத்துக்கொண்டதால் நான் நின்றுகொண்டிருந்தேன்.

"ஏட்டி, உனக்கே நல்லாருக்கா? நான் தண்ணி குடிச்சதெல்லாம் எழுதி இழுத்து விட்டுக்கிட்டு இருக்க. எங்கம்மா பாவாட மடிப்ப அவுத்து அவுத்து ஓஞ்சு போயிட்டா. இனி அவுக்க மடிப்பு இல்லன்னு சொல்லுதா."

"நான் என்ன செய்ய? நீ ஏதாவது செஞ்சா எழுதுவேன்."

"செஞ்சுக்கிட்டுத்தான இருக்கேன்."

"கேட்டு எழுதுறதெல்லாம் ஒரு செய்கையாட்டி?"

"நீயும் அதத்தான செய்யுத," என்றாள். பையிலிருந்து ஒரு கொய்யாப்பழம் எடுத்து நீட்டினாள். ஆறாம் வகுப்பிலிருந்து அவள் தரும் கொய்யாவைத் தின்று வளர்ந்தவள் நான். ஆனால் அன்று காலை ஆஸ்டின் நீட்டிய எலுமிச்சைச் சாற்றை வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். ஆகவே இதையும் வேண்டாம் என்றேன். வீடு போய்ச் சேரும்வரை வாய் ஊறிக்கொண்டே இருந்தது.

பத்தாம் நாள் இருவரும் வாசலில் கொஞ்சம் குனிந்துதான் உள்ளே வந்தார்கள். பன்னிரண்டாம் நாளோடு இசக்கிக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். அவள் வரவில்லை என்று நாளுக்கு ஒரு வரி எழுதினேன். வராததைப் பற்றி இரண்டாவது வரி எழுத ஒன்றும் அகப்படவில்லை. நோயையும் குடும்பத்தையும் பலகையில் எழுதக் கூடாது என்பது சண்பகவடிவு மேடம் உத்தரவு. நானும் எத்தனைதான் ஆஸ்டினை வெட்டுவது? அவன் எட்டு புள்ளி ஆறு வளர்ந்திருந்தான். அவள் ஏழு புள்ளி இரண்டு. ஞானதிரவியம் சார் அவள் வீட்டுக்கே போய் அளந்துகொண்டு வந்திருந்தார். வித்தியாசம் ஒன்று புள்ளி நான்கு. இன்னும் ஆறு வரிதான் இடம் இருந்தது, வாக்குப்பதிவுக்கு மூன்று நாள்.

அன்றைக்கு மத்தியானம் ஆஸ்டின் ஆட்கள் கல்லூரி முழுக்க ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். மூன்று ஐம்பது வண்டி அடுத்த மாதம் முதல் நிறுத்தப்படுகிறது, வண்டியே இல்லாதபோது மணியை மாற்றி என்ன பயன், சிந்திப்பீர் என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. கீழே ஆஸ்டின் பொன்சிங் கையெழுத்து.

எங்கள் வண்டிப் பிள்ளைகள் ஒவ்வொருத்தியாக வந்து படித்துவிட்டுப் போனார்கள். பொருளாதாரம் படிக்கும் வள்ளித்தாய், "அப்பம் நான் படிப்ப நிறுத்த வேண்டியதுதான்க்கா," என்று சாதாரணமாகச் சொன்னாள். தன் அப்பா ஏற்கெனவே சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார், இப்போது அவருக்கு வசதியாகப் போயிற்று என்றாள்.

நான் மரத்தடியில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். "ஆஸ்டின் பொன்சிங் ஒட்டியிருக்கும் அறிவிப்பு பொய்." அடுத்து பதினொரு வரி ஒரே மூச்சில் வந்தது. அவ்வளவு நல்ல நடையில் நான் அதற்கு முன் எழுதியதே இல்லை. கொண்டுபோய் மேடம் மேசையில் வைத்தேன்.

சண்பகவடிவு மேடம் முதலில் படிக்கவில்லை. பென்சிலால் வரியை எண்ணினார்.

"பன்னெண்டு வரி. ஒண்ணு புள்ளி ரெண்டு. ஏற்கெனவே ஒண்ணு புள்ளி நாலு."

"தெரியும் மேடம்."

"நீ அவனத் திட்டித் திட்டியே வளத்துவிட்டுருவம்மா. வாக்குப்பதிவு அன்னைக்குத் தேர்தல் ரத்து."

"அப்ப பொய்ய அப்படியே விட்டுறதா மேடம்?"

மேடம் பிறகுதான் படித்தார். படித்து முடித்துப் பென்சிலைக் கீழே வைத்தார். "பொய்னு உனக்குத் தெரியுமா, இல்ல, பொய்யா இருக்கணும்னு ஆசையா?"

"ஆசைதான் மேடம்," என்றேன்.

"அப்பம் போய்க் கேட்டுட்டு வா," என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார். "யார்கிட்டக் கேக்கணுமோ அவங்ககிட்டக் கேளு. எழுதும்போது கேட்டத மட்டும் எழுது."

மறுநாள் காலை இரண்டு வகுப்பை விட்டுவிட்டுப் பேருந்து நிலையம் போனேன். நேரக்காப்பாளர் ஒரு சின்னக் கூண்டுக்குள் உட்கார்ந்து, மடியில் அட்டையை வைத்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். என் நோட்டைப் பார்த்ததும், "நிருபரா? யாருக்காவது வரி சேருத மாதிரி நான் எதுவும் சொல்ல மாட்டேன் பாப்பா," என்றார்.

"யார் பெயரும் வராது சார். மூணு அம்பது மேலப்பொத்தை வண்டி நிக்கப் போகுதா?"

"யாரு சொன்னா? அது நிக்காது. அது நின்னா அந்தப் பக்கம் ஆள் நடமாட்டமே இருக்காதே." அட்டையைப் புரட்டினார். "நிக்கப் போறது அஞ்சு பத்து. காலேஜ் வாசல்லருந்து டவுனுக்கு வருதுல்லா, அது. ஒண்ணாம் தேதியிலருந்து அது ஓடாது. அதுக்குப் பதிலா நாலே காலுக்கு ஒரு வண்டி விடுதாவ. எழுதிக்கோ."

எழுதிக்கொண்டேன். எழுதும்போதே எனக்கு உறைத்தது. ஐந்து பத்து வண்டியில் போகிறவர்கள் மைதானத்தில் விளையாடிவிட்டுப் போகிற டவுன் பையன்கள். ஆஸ்டின் அணி முழுக்க அதில்தான் போகிறது. நான்கு மணிக்கு மணி அடித்தால் நான்கே கால் வண்டிக்குள் அவர்கள் வலையைக் கட்டி அவிழ்ப்பதற்குத்தான் நேரம் இருக்கும். மூன்று நாற்பதுக்கு அடித்தால் அரை மணி நேரமாவது விளையாடலாம்.

எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. அதை நான் மறைக்கப் போவதில்லை. வரும் வழியெல்லாம் அந்தச் சந்தோஷத்தை ஒரு ஓரமாக ஒதுக்கிவைக்கத்தான் பாடுபட்டேன். கடைசியில், கல்லூரி வாசலில் இறங்கும்போது அதை வண்டியிலேயே விட்டுவிட்டு இறங்கினேன். நடத்துநர், "பாப்பா, உங்க சாமான்," என்று கூப்பிட்டார். சாயங்காலம் வாங்கிக்கொள்கிறேன் என்றேன்.

அன்று முப்பத்து நான்கு வரி எழுதினேன். மூன்று ஐம்பது வண்டிக்கு இருபது வரி, ஐந்து பத்து வண்டிக்குப் பதினான்கு. எது ஓடும், எது நிற்கும், எந்த வண்டியில் எத்தனை பேர், எத்தனை மணிக்கு எந்த ஊர். இந்தப் புள்ளிவிவரம் எல்லாம் இசக்கியின் நோட்டில் இருந்தது. ஆனால் அதை வாங்கினால் அவள் பெயரைப் போட வேண்டியிருக்கும். நானே மரத்தடி, படிக்கட்டு, சைக்கிள் ஸ்டாண்டு என்று போய், "நீங்க எந்த வண்டி?" என்று கேட்டேன். முந்நூறு பேரைக் கேட்டு முடித்தபோது தொண்டை கட்டிவிட்டது. அவள் இத்தனை நாள் என்ன செய்தாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, வெட்கமாக இருந்தது.

மேடம் மூன்று முறை எண்ணினார். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். "யாருக்குமே சேராதேம்மா," என்றார்.

"ஆமா மேடம்."

"சரி, ஒட்டு."

மறுநாள் காலை அளவெடுப்பில் ஆஸ்டின் ஒரு மில்லிமீட்டர்கூட வளரவில்லை. இசக்கி காய்ச்சல் விட்டு வந்திருந்தாள், அவளும் வளரவில்லை. ஞானதிரவியம் சார் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்க்கவே இல்லை. மூன்று ஐம்பது வண்டிதான் இரண்டு சென்டிமீட்டர் உயர்ந்திருந்தது. ஏறும்போது படி எட்டவில்லை என்று வள்ளித்தாய் முணுமுணுத்தாள். ஐந்து பத்து வண்டி ஒன்று புள்ளி நான்கு வளர்ந்திருந்தது. இன்னும் ஒரு வாரம்தான் ஓடப் போகிறது, அது வளர்ந்ததைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

மத்தியானம் ஆஸ்டின் என்னைத் தேடி வந்தான். கேன்டீன் வாசலில் தலை இடித்து, நெற்றியைத் தேய்த்துக்கொண்டே வந்தான்.

"ஏ பிள்ள, எங்க மாமா கண்டக்டர். காலேஜ் வண்டி ஒண்ணு நிக்கப் போகுதுன்னு சொன்னாவ. உங்க வண்டிதான்னு நானா நெனச்சுக்கிட்டேன். எங்க வண்டியா இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல."

"சரி."

"தப்பாச் சொன்னது ஆஸ்டின்னு எம்பேரப் போட்டிருக்கலாம்லா?"

"போட்டா நீ வளந்திருப்ப."

"வளந்திருப்பேன்," என்றான். அப்புறம் சுவர் சுவராகப் போய்த் தன் அறிவிப்பைத் தன் கையாலேயே கிழித்தான். உயரமாக இருந்ததால் மேலே ஒட்டியதும் எட்டியது. நான் கூடவே போய்ப் பார்த்தேன். எல்லாவற்றையும் கிழித்தான், கழிப்பறைச் சுவரில் இருந்ததைக்கூட விடவில்லை.

அன்றைய தேர்தல் செய்தி இரண்டே வரி. "ஆஸ்டின் பொன்சிங் தமது அறிவிப்பைத் தாமே கிழித்து அகற்றினார். இசக்கியம்மாள் வகுப்புக்குத் திரும்பினார்." நான் எழுதியதிலேயே எனக்குப் பிடித்த செய்தி அதுதான்.

வாக்குப்பதிவு நாளில் வித்தியாசம் ஒன்று புள்ளி நான்கிலேயே நின்றது. தேர்தல் உண்டு என்று ஞானதிரவியம் சார் விசில் ஊதினார். எல்லோரும் வரிசையில் நின்றார்கள். நானும் நின்றேன். என் முறை வந்ததும் சண்பகவடிவு மேடம் கத்தரிக்கோலை எடுத்து என் வாக்குச்சீட்டைச் சரிபாதியாக வெட்டினார். நிருபர் வாக்கு அப்படித்தான், ஆளுக்குப் பாதி. ஒன்றை இசக்கி பெட்டியில் போட்டேன். இன்னொன்றை ஆஸ்டின் பெட்டியில் போட வேண்டும். கை போகவே இல்லை. இரண்டு வருடமாகப் பார்க்காத இளஞ்சிவப்பு, ரெக்கார்டு நோட்டு, வள்ளித்தாயின் அப்பா எல்லாம் அந்தக் கையைப் பிடித்து இழுத்தன. பின்னால் வரிசையில் நின்ற பையன், "எக்கா, வெயிலு," என்றான். போட்டுவிட்டேன். போட்டுவிட்டு நூலகத்துப் பக்கம் போய் உப்புத் தண்ணீரில் முகம் கழுவினேன்.

இசக்கியம்மாளுக்கு நானூற்று ஆறரை. ஆஸ்டின் பொன்சிங்குக்கு முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டரை. ஆளுக்கு ஒரு வரியாக எழுதி ஒட்டினேன். எழுத்துகளைக்கூட எண்ணிப் பார்த்துக்கொண்டேன். ஒட்டி முடித்த பசை கையில் காய்வதற்குள், "ஏட்டீ!" என்று கத்திக்கொண்டு ஓடிப் போய் இசக்கியைக் கட்டிப்பிடித்தேன். அவள் வளர்ந்துவிட்டதால் என் மூக்கு அவள் தோளில் இடித்தது. ஆஸ்டினும் வந்து கை கொடுத்தான். தன் அணியில் ஏழு பேர் அவளுக்குத்தான் போட்டார்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னான். "எட்டுப் பேரு," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. பீரோவை நான்கு பேர் தூக்கி வந்தார்கள். அது பதவியை ஒப்படைத்துவிட்டு அலுவலகத்துக்கே திரும்பிப் போயிற்று.

திங்கள்கிழமையிலிருந்து மணி மூன்று நாற்பதுக்கு அடித்தது. செவ்வாய்க்கிழமை மூன்று முப்பத்தைந்துக்கு, ஒரே ஒரு சொட்டில், என் குடுவை இளஞ்சிவப்பாயிற்று. ஆய்வக சார் பார்க்கிறாரே என்று வாயை இறுக்கி மூடிக்கொண்டேன்.

மணியை முன்னால் நகர்த்தியதில் தினமும் இருபது நிமிடம் மிச்சமாகிக் கல்லூரியிலேயே கிடந்தது. முதல் நாள் வராந்தாவில் கிடந்தது. வாசலைப் பூட்டிய பிறகு இதை உள்ளே வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய என்று காவலர் அலுவலகத்தில் புகார் கொடுத்தார். தலைவர் இசக்கியம்மாள் முறை போட்டுக் கொடுத்தாள். மாலை வண்டியில் போகிற ஒவ்வொருவராக அதை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். எனக்குப் புதன்கிழமை.

வண்டியில் இசக்கிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இருபது நிமிடத்தை மடியில் வைத்துக்கொண்டேன். மடியில் வைத்துக்கொண்டால் டிக்கெட் வேண்டாம் என்று நடத்துநர் சொல்லிவிட்டார்.

வீட்டில் அம்மா முறத்தை மடியில் வைத்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"என்னட்டி கையில?"

"இருவது நிமிஷம்மா. காலேஜ்ல மிச்சம்."

"அத ஏன் இங்க கொண்டாந்த? எங்க வைக்க?"

"எங்கயும் வைக்க வேண்டாம். ஒனக்குத்தான்."

அம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். முறத்தை ஒதுக்கி வைத்துவிட்டு இருபது நிமிடத்தை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். முதல் இரண்டு நிமிடம் அவள் விரல்கள் தாமாகவே இலையைத் தேடின. அப்புறம் அடங்கிவிட்டன. சுவரில் சாய்ந்து, என் பரீட்சை எப்போது என்று கேட்டாள். இளஞ்சிவப்பு எப்படி இருந்தது என்று கேட்டாள். சொன்னேன். பதினேழாவது நிமிடத்தில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள்.

மீதி மூன்று நிமிடம் அவள் மடியிலிருந்து நழுவித் தரையில் உருண்டது. அதை எடுத்துத் தூசி தட்டி அவள் கைக்குள்ளேயே திரும்ப வைத்துவிட்டு, மறுநாள் பலகைக்கு எழுத உட்கார்ந்தேன்.